ஒரு மூட்டை பார்லியும் ஷிப்பிங் செலவும்

2024 மார்ச் 9, சனி

நான் வழக்கமாகப் போகும் ஹோம்ப்ரூ கடையை, அதாவது வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்குப் பொருள் விற்கும் கடையை, மூடிவிட்டார்கள். கதவில் ஒரு நன்றி அட்டை, உள்ளே காலி அலமாரிகள். அமெரிக்காவில் கொலம்பஸுக்கு வந்த ஐந்து வருடமாக மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்கும் மணத்துக்கும் போடும் பூ), ஈஸ்ட் எல்லாம் அங்கேதான் வாங்கினேன். ஒரு பவுண்டு மால்ட் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைத்துக் கொடுப்பார் கடைக்காரர். இனி எல்லாமே ஆன்லைன்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "நல்லதாப் போச்சு, விட்டுடு" என்றார். நம் ஊரில் மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது, வீட்டில் காய்ச்சினால் ஜெயில்தான். இங்கே 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தின்படி ஒரு ஆள் வருடத்துக்கு 100 கேலன் காய்ச்சலாம், வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200. விற்கத்தான் கூடாது. இதை அம்மாவுக்கு எத்தனை முறை விளக்கினாலும் சாராயம் சாராயம்தான்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். போன மணி நேரம் போக, இன்னும் மூன்று மணி நேரத்தைக் கடைகளை ஒப்பிட்டே தொலைத்தேன். கலிபோர்னியாவின் மோர்பீர், மின்னசோட்டாவின் நார்தர்ன் ப்ரூவர், அப்புறம் பெயர் தெரியாத ஏழெட்டு சின்னக் கடைகள்.

எல்லாக் கடையிலும் ஒரே பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். பேல் ஏல் என்ற வகை பீர் 5 கேலனுக்கு 10 பவுண்டு டூ-ரோ வகை மால்ட், 3 அவுன்ஸ் காஸ்கேட் வகை ஹாப்ஸ், ஒரு பாக்கெட் யூஎஸ்-05 ஈஸ்ட். பொருள் விலை பெரிதாக மாறவில்லை. மிக மலிவாகத் தெரிந்த கடையில் 32.75 டாலர். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஷிப்பிங் 16 டாலர் வந்து உட்கார்ந்தது. ஆக மொத்தம் 48.75. கிடைப்பது சுமார் 50 பாட்டில், அதாவது பாட்டில் ஒரு டாலர். என் உழைப்பு இலவசம் என்று வைத்துக்கொண்டாலும் இது சிக்கனம் இல்லை.

16 டாலரும் பார்லியின் கனத்துக்குத்தான். ஹாப்ஸும் ஈஸ்ட்டும் மட்டும் என்றால் அந்தப் பார்சல் ஒரு கடிதத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். இவ்வளவு நேரம் ஒரே கடையைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது இரண்டு கடை: பார்லிக்குப் பக்கத்தில் ஒன்று, ஹாப்ஸுக்கு எங்கே இருந்தாலும் சரி.

மார்ச் 16, சனி

அவசரப்பட்டு ஒரு தப்பு செய்தேன். பொதுச் சந்தைத் தளம் ஒன்றில், யாரோ ஒரு விற்பனையாளரிடம், அரை பவுண்டு காஸ்கேட் ஆறு டாலருக்குக் கிடைத்தது. பார்சலைப் பிரித்ததுமே பழைய சீஸ் வாடை. வெற்றிட உறை இல்லை, வெறும் ஜிப் பை. ஹாப்ஸ் காற்றும் சூடும் பட்டுக் கிடந்தால் உள்ளே இருக்கும் பிசின் சிதைந்து இப்படித்தான் நாறும். அறுவடை ஆண்டும் இல்லை, கசப்பைத் தரும் ஆல்பா அமிலம் எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. அந்த இரண்டு எண்ணும் இல்லாத ஹாப்ஸை வாங்கக் கூடாது என்று எனக்கு முன்பே தெரியும். ஆறு டாலர் கண்ணை மறைத்துவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

பழைய கடையில் வாங்கி வைத்திருந்த கடைசி மால்ட்டையும் கடைசி ஈஸ்ட் பாக்கெட்டையும் போட்டுக் காய்ச்சினேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 20, புதன்

அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்து யாகிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. அங்கிருந்தே வாங்கினால் என்ன? ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. புதுசு வந்ததும் முந்தைய ஆண்டுச் சரக்கின் விலையை இறக்குகிறார்கள். இப்போது புதுசு 2023, எனக்கு வேண்டியது 2022. நைட்ரஜன் அடைத்து, குளிர்பதனத்தில் வைத்த பெல்லட் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ் குச்சி) என்றால் ஒரு வருடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆல்பா கொஞ்சம் குறைந்திருந்தால் கொதிக்கும்போது ஒரு கைப்பிடி கூடப் போட்டால் போயிற்று.

ஒரு பவுண்டு காஸ்கேட் 15 டாலர், ஷிப்பிங் 7. அவுன்ஸுக்கு 1.40 கூட வரவில்லை. அவுன்ஸ் அவுன்ஸாக வாங்கியிருந்தால் 2.75. மீதியை ஃப்ரீசரில், கறிவேப்பிலைக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவில் வைக்க வேண்டும். அதற்கு வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று.

ஏப்ரல் 6, சனி

இன்று பார்லி நாள். உள்ளூர் ஹோம்ப்ரூ கிளப் ஒன்று வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாக மூட்டைகளை வரவழைக்கிறது. ஒரு சின்ன ப்ரூவரியின் (பீர் ஆலையின்) ஆர்டரோடு சேர்ந்து வருவதால் ஷிப்பிங் ஆளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. ப்ரூவரியின் பின்வாசலில் வரிசையில் நின்று, 55 பவுண்டு மூட்டையை 54 டாலருக்கு வாங்கித் தோளில் தூக்கி வந்தேன். ரேஷன் கடை ஞாபகம் வந்தது, பை எடுத்து வராதவர்களைத் திட்டும் ஆள் உட்பட.

வந்த பிறகுதான் உறைத்தது, மூட்டையில் இருப்பது முழுத் தானியம். அரைக்காததே நல்லதுதான், ஈரம் படாமல் வைத்தால் பல மாதம் கிடக்கும். அரைத்தது சில வாரத்தில் மணம் போய்விடும். ஆனால் என்னிடம் மில் இல்லை. கொஞ்சம் மிக்ஸியில் போட்டுப் பார்த்தேன். உமி தூளாகிவிட்டது. பார்லியின் உமிதான் வடிகட்டி. அது உடையாமல் உள்ளே இருக்கும் மாவு மட்டும் பிளக்க வேண்டும். மிக்ஸி தூளைப் போட்டால் பானைக்குள் களிதான் கிண்ட வேண்டியிருக்கும். கிளப்பின் ரோலர் மில்லை இரவல் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மார்ச் 17-ல் காய்ச்சியதை பாட்டிலில் அடைத்தேன். அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை ஒரு ஜாடியில் எடுத்து ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய மாவில் ஒரு கரண்டியைப் புது மாவில் கலக்கிறோமே, அதே வேலைதான். ஐந்தரை டாலர் மிச்சம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று கிரீம் ஏல், லேசான ஒரு வகை பீர். செய்முறையில் 2 பவுண்டு அரிசி அவல் வேண்டும் என்றிருந்தது. ஹோம்ப்ரூ கடைகள் அதை "ஃப்ளேக்டு ரைஸ்" என்று பவுண்டு இரண்டரை டாலருக்கு விற்கின்றன. ஏற்கெனவே வெந்து நசுங்கிய அரிசி, தனியாக வேகவைக்கத் தேவையில்லை, மால்ட்டோடு நேராகப் போடலாம் என்று விளக்கம் வேறு. படித்துக்கொண்டே சமையலறை அலமாரியைத் திறந்தேன். கெட்டி அவல், 4 பவுண்டு பை, இந்தியன் கடையில் 5 டாலருக்கு வாங்கியது.

இரவல் மில்லில் அரைத்த 8 பவுண்டு மால்ட், 2 பவுண்டு அவல், 1 அவுன்ஸ் காஸ்கேட், ஜாடி ஈஸ்ட். மாஷ், அதாவது வெந்நீரில் ஊறல், ஒரு மணி நேரம். வடியும்போது கொஞ்சம் பிசுபிசுத்தது, அடைக்கவில்லை. ராத்திரிக்குள் குமிழ் விட ஆரம்பித்துவிட்டது.

அடுத்து பெல்ஜியன் விட்பியர் (கொத்தமல்லி விதை போடும் கோதுமை பீர்) செய்தால் கொத்தமல்லி விதையும் இந்தியன் கடைதான். ஒரு அவுன்ஸ் விதைக்கு இரண்டு டாலர் கொடுக்க எனக்கு மனசு வராது.

மே 4, சனி

முதல் பாட்டிலைத் திறந்தேன். வைக்கோல் நிறம், குடிக்க லேசு, வெயிலுக்கு ஏற்றது. நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது, அவல் கூடிப்போயிருக்கலாம். அடுத்த முறை ஒன்றரை பவுண்டு போதும்.

கணக்கு: மால்ட் 7.85, அவல் 2.50, ஹாப்ஸ் 1.40. மூடி, சர்க்கரை சேர்த்து 14 டாலருக்குள். 48 பாட்டில். மில்லை மட்டும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், ஒரு மில்லின் விலை இந்தச் சேமிப்பையெல்லாம் தின்றுவிடும்.

கணக்கைப் பெருமையாக வாசித்துக் காட்டும்போது மனைவி கேட்டார், மாதக் கடைசி அவல் உப்புமாவுக்கு வைத்திருந்த பை எங்கே என்று. நாளைக்கு இரண்டு பை வாங்கி வர வேண்டும்.