ஆதம்பாக்கத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி: முதல் ஏழு மாதங்கள்

2023 அக்டோபரில் சென்னை கொளத்தூரில் தொட்டிக்குச் சொல்லிவைத்தேன். நீளம் 90 செ.மீ., அகலமும் உயரமும் 45 செ.மீ., கண்ணாடியின் தடிமன் 10 மி.மீ. கடைக்காரர் முதல் முயற்சிக்கு இரண்டடித் தொட்டியே போதும் என்றார். நன்னீர் மீன்கள் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் கடல்நீரில் தண்ணீர் குறையக் குறைய உப்பும் வெப்பமும் கழிவும் விரைவாக ஏறி இறங்கும் என்பதால், வீட்டில் இடம் கொடுத்த அளவுக்குப் பெரியதையே தேர்ந்தெடுத்தேன். கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவை நன்றாகத் தாண்டும். வீடு முதல் மாடியில் இருப்பதால், கூடத்தின் நடுவில் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, உத்தரம் ஓடும் சுவரை ஒட்டியே இரும்புத் தாங்கியை நிறுத்தினேன்.

கடல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும்போது உப்பை விலை கொடுத்து வாங்குவானேன் என்ற எண்ணம் முதலில் எனக்கும் இருந்தது. நவம்பர் முதல் வாரத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், நீலாங்கரையில் கரையேறிய ஃபைபர் படகுக்காரர் ஒருவரிடம் கேட்டு, சற்று உள்ளிருந்து மூன்று கேன் தண்ணீர் எடுத்துவரச் செய்தேன். வீட்டில் உப்பளவு காட்டும் ஒளிவிலகல்மானியில் பார்த்தபோது ஒப்படர்த்தி 1.019 என்று காட்டியது. நமக்கு வேண்டியது 1.025க்கும் 1.026க்கும் இடையில். வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீர் ஏற்கெனவே அரபிக்கடலைவிட உப்புக் குறைந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கரையோரமாக ஓடும் நீரோட்டம், பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீரையும் சுமந்துகொண்டு நம் பக்கம் வருகிறது. அதன்மேல் நகரத்தின் மழைநீரும் சாக்கடையும் கலக்கின்றன. கோடையில் எடுத்திருந்தால் அளவு வேறாக இருந்திருக்கும். ஆனால் வாரந்தோறும் மாற்ற வேண்டிய தண்ணீர் பருவத்துக்குப் பருவம் மாறுவது தொடக்கநிலையில் இருப்பவனுக்குச் சரிவராது. மூன்று கேன்களையும் மறுநாளே கொட்டிவிட்டேன்.

எனவே உப்புக்கலவைதான் வழி. அதற்கு முதலில் உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த திடப்பொருள் 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,400 பங்கு). குடிநீர்ச் சுத்திகரிப்பான் அதை 60 ஆகக் குறைக்கிறது. குடிப்பதற்கு அது நல்லது. தொட்டிக்குப் போதாது, ஏனெனில் அந்த 60இல் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று மீட்டர் சொல்வதில்லை. தனியாக ஒரு ஆர்.ஓ. சவ்வும், அதன் முடிவில் அயனிகளை நீக்கும் பிசின் நிரப்பிய குழாயும் பொருத்தி, மீட்டர் 0 காட்டிய பிறகே தண்ணீரைப் பிடித்தேன். 135 லிட்டர் சேர இரண்டு பகல்கள் ஆயின. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் வெளியேறியது; அது வீடு கழுவவும் கழிப்பறைக்கும் போனது. அந்த வாரம் எங்கள் வீட்டுத் தரை இருந்த சுத்தத்தில் அதன்பின் இருந்ததில்லை.

கல் விஷயத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடல்நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி அதற்குள் அடுக்கப்படும் நுண்துளைக் கற்கள்தான். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியேறுகின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘உயிருள்ள பாறை’ வாங்கச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பவளத்தின் பழைய எலும்புக்கூடு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்களும் கடல்குதிரைகளும் 2001இல் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கிருந்து பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததன் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கடையில், பின்னறையில் ராமநாதபுரத்துக் கல் இருப்பதாகவும் கிலோ கணக்கில் தரலாம் என்றும் மெதுவான குரலில் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சுட்ட பீங்கானால் செய்த நுண்துளைக் கற்கள் 14 கிலோ வாங்கினேன். புதிதில் அவை செங்கல் சூளைக் கழிவைப்போலத்தான் தெரிந்தன. மணலுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்பதால் காரத்தன்மையைத் தாங்கிப்பிடிக்க அது உதவாது. ‘கோரல் சாண்ட்’ என்று விற்பதன் பூர்வீகத்தைக் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஆகவே பொட்டலத்தில் பிறப்பிடம் அச்சிட்டிருந்த அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணலையே இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன்.

நவம்பர் 20ஆம் தேதி தொட்டி நிறைந்தது. உப்பைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டாமல், டிரம்மில் ஒரு சிறிய மோட்டாரைப் போட்டு இரவு முழுவதும் சுழலவிட்டுக் கலந்தேன். 135 லிட்டருக்கு 5 கிலோ போதும் என்பது பொட்டலத்தின் கணக்கு. ஆனால் மானி 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) என்ற அளவைத் தொடுவதற்குள் மேலும் கால் கிலோவுக்கு மேல் பிடித்தது. பொட்டலத்தில் எடை குறைவு என்று மனத்துக்குள் யாரையோ திட்டிக்கொண்டேன். குற்றம் என்னுடையது என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. மானியை வெறும் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குத் திருத்தியிருந்தேன். 35 அளவுள்ள திருத்தக் கரைசலை வாங்கிச் சொட்டுவிட்டுப் பார்த்தபோது அது 33 என்று காட்டியது. அதாவது தொட்டி ஒன்றரை மாதமாக 37இல் ஓடிக்கொண்டிருந்தது. நீலாங்கரைத் தண்ணீருக்கும் இந்தப் பிழையைச் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் அது 1.021ஐத் தாண்டவில்லை என்பதில் ஒரு சிறிய ஆறுதல்.

இனி நுண்ணுயிர்களை வளர்க்கும் கட்டம். கழிவிலிருந்து எழும் நச்சான அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாகவும், அதை இன்னொரு வகை தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். விலை மலிவான டாம்சல் மீன்களை முதலில் விட்டு, அவற்றின் கழிவிலேயே தொட்டியைப் பழக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அம்மோனியாவில் மீனை வேகவைப்பது போன்ற செயல் அது என்பது ஒருபுறமிருக்க, பிழைத்துவிட்ட டாம்சல் பின்னால் வரும் எந்த மீனையும் வாழவிடாது. நான் சந்தையில் வாங்கிய இரண்டு இறால்களை ஒரு பழைய காலுறையில் கட்டி, நவம்பர் 24 அன்று தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அழகுமீன் வளர்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கூடத்தில் இறாலை அழுகவைக்கிறேன் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார். ஆறாம் நாள் அம்மோனியா 4 பிபிஎம் காட்டியது. அதற்குமேல் போனால் நுண்ணுயிர்களுக்கே தடையாகும் என்பதால் இறாலை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கி மிக்ஜாம் புயலின் மழை. 4ஆம் தேதி காலை தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போய், திரும்பி வர ஏறத்தாழ 60 மணி நேரம் ஆனது. மின்கலத்தில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று கையில் இருந்தது; சிக்கனமாக விட்டுவிட்டு ஓட்டியும் முதல் நாளோடு அடங்கிவிட்டது. பிறகு ஒரு மணிக்கொருமுறை குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். இந்த நுண்ணுயிர்களுக்கும் உயிர்வளி வேண்டும். தண்ணீர் அசையாமல் கிடந்தால் கற்களின் உட்பகுதியில் இருப்பவை முதலில் பாதிக்கப்படும். மீன் இல்லாத தொட்டிக்கு இரவில் எழுந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை; மெழுகுவர்த்தியை மட்டும் நகர்த்தி வைத்தார். மின்கலப் பம்பு ஒன்று போதாது என்று அன்று முடிவு செய்து, தொட்டிக்கென்று தனி இன்வெர்ட்டர் இணைப்பைப் பின்னர் போட்டேன்.

இவ்வளவுக்கும் நுண்ணுயிர்கள் சாகவில்லை. டிசம்பர் 11 அன்று நைட்ரைட் சோதனைக் குழாயில் ஊதா நிறம் தெரிந்தது. 22ஆம் தேதி அம்மோனியா சுழியம். நைட்ரைட்தான் இழுத்தடித்தது. அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர் மெதுவாகவே பெருகும். கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைப் பெருமளவு தடுப்பதால், நன்னீரில் அஞ்சும் அளவுக்கு இங்கே அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அம்மோனியாவின் கதை இதற்கு நேர்மாறு. பிஎச் 7இலிருந்து 8.2க்கு ஏறும்போது அதன் நச்சுவடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நன்னீர்த் தொட்டியில் பெரிய கேடில்லாமல் கடந்துபோன 0.5 பிபிஎம் இங்கே மீனுக்கு ஆபத்தாகலாம். பல ஆண்டு நன்னீர் அனுபவம் என்னை ஏமாற்றியிருக்கக்கூடிய இடம் இது. ஜனவரி 6 அன்று நைட்ரைட்டும் மறைந்தது. நைட்ரேட் 40இல் நின்றது. பாதித் தண்ணீரை மாற்றினேன். மாற்றிய தண்ணீரின் உப்பளவை, திருத்திய மானியின்படி, சற்றுக் குறைத்துக் கலந்து 35க்குக் கொண்டுவந்தேன்.

இதற்கிடையில் வெள்ளை மணலின்மேல் காப்பித்தூள் தூவியதுபோல் டயாட்டம் பாசி படர்ந்தது. புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவதுதான். சிலிக்கேட் தீர்ந்ததும் மூன்று வாரங்களில் தானாகவே போய்விட்டது.

ஜனவரி 21ஆம் தேதி, தண்ணீர் நிறைத்த 62ஆம் நாள், இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. பண்ணையில் பொரித்தவையா என்று கேட்டு உறுதி செய்துகொண்டே வாங்கினேன். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வெற்றிகரமாகப் பெருக்கிக் காட்டியிருக்கும்போது, கடலில் பிடித்ததை வாங்கக் காரணமில்லை. பண்ணை மீன் முதல் நாளிலேயே குருணை உணவைத் தின்றது. பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கிய பிறகு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக அரைமணி நேரம் சேர்த்தேன். தொலைவிலிருந்து நாள் கணக்கில் பயணம் செய்து வரும் மீனுக்கு இந்த முறை ஆபத்தாகலாம். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு பிஎச்சைத் தாழ்த்தி அம்மோனியாவின் நச்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி நச்சு எழும். என் மீன்கள் ஒரு மணி நேரத் தூரத்திலிருந்து வந்தவை.

கடலில் தனக்கு அடைக்கலம் தரும் கடற்சாமந்தி (சீ அனிமோனி) இல்லாமல் கோமாளி மீன் வாழுமா என்று வீட்டுக்கு வருபவர் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகவே வாழ்கிறது. சாமந்திக்கு நல்ல ஒளியும் ஓராண்டாவது முதிர்ந்த தொட்டியும் வேண்டும். என் இரண்டும் அலை உண்டாக்கும் பம்புக்குக் கீழே ஒரு மூலையைச் சாமந்தியாக வரித்துக்கொண்டு, இரவில் அங்கேயே பக்கவாட்டில் சாய்ந்து உறங்குகின்றன. முதல் முறை அதைப் பார்த்தபோது செத்துவிட்டதென்று விளக்கைப் போட்டு எழுப்பிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். முன்பாதி வெண்மையும் பின்பாதி செம்மையுமாக, முதுகின் முன்பகுதியில் ஒரு நீண்ட துடுப்புக் கதிருடன் நிற்கும் சாதுவான மீன். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மணலில் கூடுகட்டிக் காத்திருக்கும் என்பதால், அதை முதலில் மணலில்லாத 30 லிட்டர்த் தொட்டியில் ஐந்து வாரம் தனியே வைத்து, மார்ச் 17 அன்றுதான் பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் தண்ணீரின் வெப்பம் 31.5 பாகையைத் தொட்டது. குளிர்விப்பான் இயந்திரத்தின் விலை அதுவரை நான் செலவழித்த எல்லாவற்றையும்விட அதிகம். மேலும் அது தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அதே கூடத்தில்தான் விடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் இரண்டு கணினி விசிறிகளைச் சாய்த்துப் பொருத்தினேன். ஆவியாதலால் வெப்பம் 28.4க்கு இறங்கியது. விலையாக நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் போனது. போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல. ஆகவே நிரப்ப வேண்டியதும் உப்பில்லாத தண்ணீரைத்தான். நான்கு நாள் ஊருக்குப் போய் அதை நிரப்பாமல் விட்டால் 35 என்பது 38ஐத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, மிதவை வைத்துத் தானாக நிரப்பும் ஏற்பாட்டையும் செய்தேன். வெப்பத்தையும் உப்பையும் கணக்கிட்ட நான், மூடியை எடுத்ததைக் கணக்கில் கொள்ளவில்லை.

ஏப்ரல் 19 காலை வாக்களித்துவிட்டு வந்து உணவு போட்டபோது ஃபயர்ஃபிஷ் வெளியே வரவில்லை. கல்லிடுக்கில் தேடினேன். மாலையில், தாங்கியின் பின்கால் அருகே, தரையில் காய்ந்து கிடந்ததைக் கண்டேன். அஞ்சினால் துள்ளுவது அந்த இனத்தின் இயல்பு என்று வாங்கும்போதே படித்திருந்தேன். கண்ணாடி மூடி இருந்தபோது அது ஒரு தகவலாக மட்டுமே எனக்குப் பட்டது.

மறுநாளே அலுமினியச் சட்டத்தில், மீன் நுழைய முடியாத சிறு கண்ணுள்ள நைலான் வலையை இறுக்கிக் கட்டி மேலே வைத்தேன். முதலில் கொசுவலையைத்தான் முயன்றேன். காற்றை மறித்து வெப்பத்தை ஒரு பாகை ஏற்றிவிட்டது. இந்த வலையில் 28.6இல் நிற்கிறது.

இப்போது ஜூன் கடைசி. ஞாயிறுதோறும் 15 லிட்டர் மாற்றுகிறேன். நைட்ரேட் 10க்கும் 15க்கும் இடையில் இருக்கிறது. செங்கல் சூளைக் கழிவாகத் தெரிந்த கற்களின் நிழற்பக்கத்தில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி நகக்கண் அளவுக்கு இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறது. ஒரே அளவில் வந்த கோமாளி மீன்களில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பெரியதாகிவிட்டது. இந்த இனத்தில் எல்லாம் ஆணாகவே தொடங்கி, இணையில் பெரியது பெண்ணாக மாறும். சிறியது அதன் முன்னால் உடலை நடுக்கிக்காட்டிப் பணிகிறது. மூன்றாவது மீன் எதுவும் இந்தக் கோடை முடியும்வரை வாங்குவதாக இல்லை.