பிளாக் கிரீக் குறிப்புகள்: மூலை, கல், போறணை

மே 24

ரொறொன்ரோவின் வடமேற்கில், ஜேன் – ஸ்டீல்ஸ் சந்திக்குப் பக்கத்தில் இருக்கிறது பிளாக் கிரீக் முன்னோடிக் கிராமம் (இப்போது ‘தி வில்லேஜ் அட் பிளாக் கிரீக்’). 2017இல் திறந்த நிலத்தடி ரயில் நிலையத்துக்கும் ‘பயனியர் வில்லேஜ்’ என்றுதான் பெயர். இறங்கி ஸ்டீல்ஸ் வழியே மேற்கே நடக்கலாம். ஸ்ரோங் குடும்பத்தின் 1816ஆம் ஆண்டு மரக்குற்றி வீடும் 1832இல் எழுந்த பெரிய வீடும் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை ஒன்ராறியோவின் வேறு ஊர்களில் கழற்றி, இங்கே திரும்பப் பூட்டியவை.

எல்லாரும் தொட்டிலையும் கட்டிலையும் பார்க்க உள்ளே போகிறார்கள். மரக்குற்றி வீட்டில் பார்க்கவேண்டியது வெளிமூலை. குற்றி முனைகளைப் புறாவின் வால் வடிவில் வெட்டிப் பொருத்தியிருந்தால் (dovetail), பொருத்தின் வாட்டம் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உள்நோக்கிச் சரிந்தால் மழைநீர் தங்கி, முதலில் உக்குவது அந்த மூலைதான். குற்றிகளுக்கிடையே மரச்சிம்பு செருகிக் களிமண்ணோ சுண்ணச்சாந்தோ பூசுவார்கள். மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க வெடிப்பு விழும். திரும்பத் திரும்பப் பூசாவிட்டால் பனிக்காற்று நேரே கட்டிலுக்கு வரும்.

ஜூன் 8

றொப்ளின் மில், கிராமத்து மாவாலை. 1842இல் அமீலியாஸ்பேர்க்கில் கட்டியது. ஆலை ஓடும் நாளா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இதுபோன்ற ஆலைகளில் நான்கடி விட்டக் கல் ஒன்று ஏறக்குறைய ஒரு தொன் நிறை. நிமிடத்துக்கு 120 சுற்று அளவில் ஓடும். நம் திரிகை மாதிரியே கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். ஆனால் கற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் இடைவெளி கூட, விளிம்பில் தாள் அளவு. தானியம் தீர்ந்து வெறுங்கல் சுற்றினால் பொறி பறக்கும். மாத்தூசி நிறைந்த கட்டடம் தீப்பிடிக்க அது போதும். அதனால்தான் தானியம் குறைந்ததும் அடிக்க ஒரு மணி.

கல்லில் வெட்டிய வாய்க்கால்கள் மாவை விளிம்புக்குத் தள்ளும், காற்றும் விடும். மழுங்கினால் மாவு சூடேறிப் பிசுபிசுக்கும், மணமும் கெடும். அப்போது மேற்கல்லைத் தூக்கிப் புரட்டி, செங்காவி தடவிய மரச்சட்டத்தைக் கல்லின் முகத்தில் இழுப்பார்கள். காவி ஒட்டிய இடம் மேடு. அங்கே உளிமுனைச் சுத்தியலால் கொத்தவேண்டும். அம்மி பொளிவதுதான், அளவு மட்டும் பெரிது. பொளிந்தபின் முதல் அரைப்பில் கல்தூள் இருக்கும்; அதை மனிதர் தின்னக்கூடாது.

ஜூன் 9

நேற்று விட்டது: ஹாஃப் வே ஹவுஸ் சத்திரம் ஸ்காபரோ கிங்ஸ்டன் வீதியிலிருந்து வந்தது. இன்று அந்த வீதியில் எத்தனை தமிழ்க் கடைகள்!

ஜூன் 22

செங்கல் போறணை. பாண் போறணை கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். விறகு எரிப்பதும் பாண் சுடுவதும் ஒரே அறையில். உள்ளேயே விறகு எரித்தால் கூரை முதலில் புகைக்கரியால் கறுக்கும். சூடு ஏறியதும் கரி எரிந்து செங்கல் வெளுக்கும். அதுவரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பொறுக்கவேண்டும். தணலைத் தரை முழுக்கப் பரப்பாமல் ஒரு மூலையில் குவித்தால் பாண் மேலே கருகி அடி வேகாது. தணலை வாரியபின் ஈரத்துணியால் துடைத்து, ஒரு சிட்டிகை மாவு எறிந்து பார்ப்பது வழக்கம்: உடனே கறுத்தால் பொறு, மெல்லச் சிவந்தால் பாணை வை. பாண் இறங்கியதும் பழ ‘பை’ (pie). கடைசிச் சூட்டில் அப்பிள் துண்டு காயும்.