பின் சீட்டில் உட்கார்ந்தவர்

"ஓட்டினது யாருங்க, பின்னால உட்கார்ந்திருந்தது யாருங்க?"

பைக் விபத்து என்று யாரைக் கொண்டுவந்தாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். போலீஸ் விசாரணைக்கும் அப்புறம் இழப்பீட்டு வழக்குக்கும் அந்த ஒரு வரி தேவைப்படும். கொங்குப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பல வருடமாக அந்தப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டு வருகிறேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரிப் பதிவு வருகிறது. ஓட்டியவருக்குக் கை, முழங்கால் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தலையில் அடி. எங்கள் பிரிவில் காயத்தின் தீவிரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புவோம். கணவர் பச்சையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி சிவப்பில் இருப்பார்.

பைக் விபத்து என்றதும் எல்லோரும் பேசுவது வேகமாகப் போகும் பையன்களையும் குடித்துவிட்டு ஓட்டுபவர்களையும்தான். அவர்களும் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். எக்ஸ்எல் மொபட்டிலோ ஸ்கூட்டரிலோ பழைய நூறு சிசி வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர், தறிக்குடோனுக்குப் போகிறவர், தோட்டத்திலிருந்து பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர், சொந்தக்காரர் வீட்டு முகூர்த்தத்துக்குப் போகிறவர். வண்டி போன வேகம் முப்பது, நாற்பதுதான் இருக்கும். தினமும் போய்வருகிற ரோடு. பல நேரம் எதிரில் இன்னொரு வண்டியே இருந்திருக்காது.

"ஸ்பீடு பிரேக்கருங்க. தெரியாம ஏறி எறங்கிருச்சு" என்பார் கூட வந்தவர்.

வேகத்தடைக்கு ஒரு அளவு உண்டு. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். அவ்வளவு அகலத்தில் இருந்தால் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நம் ஊர்ப் பக்கம் இருப்பது அப்படியா? ஒரு குழந்தை அடிபட்ட அன்று சாயங்காலமே ஊர்க்காரர்கள் சேர்ந்து சிமென்ட்டைக் கொட்டி ஒரு கட்டை மாதிரி போட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் அதற்கு வெள்ளைக் கோடு இருக்காது, முன்னால் பலகை இருக்காது, ராத்திரியில் விளக்கும் இருக்காது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலையும் கீழ்பவானி வாய்க்காலையும் தாண்டும் சின்னப் பாலங்கள் சிலவற்றிலும் ஏறி இறங்கும்போது இதே தூக்கல்தான்.

ஓட்டுபவருக்கு அது கடைசி நொடியிலாவது கண்ணில் படும். கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. காலை அழுத்தி உடம்பை இறுக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் தெரிவது கணவரின் முதுகு மட்டும்தான். அவர் உட்கார்ந்திருப்பது பின்சக்கரத்துக்கு மேலே, அதனால் தூக்கல் அவருக்குத்தான் அதிகம். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேத்தி என்று இருந்தால் பிடிப்பதற்குக் கையே மிச்சமில்லை. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். இரண்டு காலும் ஒரே பக்கம் இருப்பதால் உடம்பைத் தாங்க எதுவும் கிடையாது. அப்படியே பின்பக்கமாக விழுவார். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. பின்மண்டைதான் முதலில் ரோட்டில் மோதும்.

பின்மண்டையில் அடி என்றால் அங்கே மட்டும்தான் காயம் என்று பலரும் நினைக்கிறார்கள். மண்டையோடு சட்டென்று நின்றாலும் உள்ளே மூளை நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பின்னால் அடிபட்டவருக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி நசுங்கி ரத்தம் கட்டியிருப்பதை ஸ்கேனில் அடிக்கடி பார்க்கலாம். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய வாசனை நரம்புகள் அந்த அசைவில் அறுந்துபோவதும் உண்டு. பிழைத்து வீட்டுக்குப் போன ஒரு அம்மா சில மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தார். "கொழம்பு கொதிக்கிற வாசமே வரமாட்டேங்குது கண்ணு. பால் தீஞ்சாக்கூடத் தெரியமாட்டேங்குது" என்றார். கூட வந்த மகள் தனியாக என்னிடம், "முன்ன மாதிரி இல்லீங்க சிஸ்டர். சின்ன விசயத்துக்குக்கூடக் கத்துது. எங்க அம்மா அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்றாள். குணத்தையும் நிதானத்தையும் கட்டுப்படுத்தும் இடம் அந்த முன்பகுதிதான் என்று விளக்கினேன். அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் அது காயத்தின் விளைவு என்று தெரியவில்லை. திமிர் பிடித்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் இன்னொரு சங்கடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். அந்தக் காற்றில் சேலை முந்தானையும் துப்பட்டாவும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. செயினில் சிக்கினால் ஒரே இழுப்பு. துப்பட்டா கழுத்தைச் சுற்றி இருந்தால் நிலைமை கைமீறிப் போய்விடும். பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத அளவுக்கு மூடும் தடுப்பு இருக்க வேண்டும், பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. சாரி கார்டு என்று நாம் சொல்வது அந்தத் தடுப்பைத்தான். வண்டி வாங்கி வீட்டுக்கு வந்த மறுவாரமே "பார்க்க நல்லா இல்ல" என்று பையன்கள் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதே வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள்.

அடுத்தது ஹெல்மெட். ஒரு வீட்டில் ஒரு வண்டி இருந்தால் ஒரு ஹெல்மெட்தான் இருக்கும். அது ஓட்டுபவருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இருவரையும் ஒன்றாகத்தான் சொல்கிறது, அபராதமும் இருவருக்கும் 1,000 ரூபாய். 2022-இல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒவ்வொரு சிவப்புப் படுக்கையாக நாங்கள் பார்த்ததைத்தான் யாரோ நாடு முழுக்கக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பெண்கள் ஹெல்மெட் போடாததற்குச் சொல்லும் காரணங்களை அலட்சியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. முகூர்த்தத்துக்குத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் பூ நசுங்கும் என்கிறார். கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் இறங்காது. மண்டபத்துக்குப் போனால் அதை எங்கே வைப்பது? வெயிலில் வேர்வை, அரிப்பு. எல்லாம் நிஜமான தொல்லைகள். கடைகளில் தொங்குகிற ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் ஆண்களின் தலை அளவை மனதில் வைத்து வாங்கி வைத்தவை. போட்டால் ஆடும், கண்ணை மறைக்கும். இதற்கெல்லாம் வழி யோசிக்காமல் "போடுங்கம்மா" என்று மட்டும் சொன்னால் எந்தப் பெண்ணும் போடப் போவதில்லை.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கம் ஆர்டர் நெருக்கத்தில் ஓவர்டைம் பார்த்துவிட்டு நடுராத்திரியில் கிளம்புகிற பெண்கள் கணவரின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுகிறார்கள். அவரும் காலையிலிருந்து உழைத்தவர்தான். அப்படி ஒரு இரவில் வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. மனைவி விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் சீட் காலி. வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார். அதற்குள் லாரி டிரைவர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, மற்ற வண்டிகள் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டு, 108-க்கும் போன் போட்டிருந்தார். அந்த டிரைவர் செய்ததுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். உதவி செய்கிறவர் மேல் வழக்கு வராது, பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று 2019-இல் திருத்திய சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இது தெரியாமல் ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

கணவர் விடியும் வரை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஹெல்மெட் போட்டிருந்தனுங்க சிஸ்டர்."

எனக்கு ரொம்பக் கவலை தருவது இன்னொரு வகை. கணவன், மனைவி இருவரும் விழுகிறார்கள். அவருக்குக் கையில் ரத்தம் வழிகிறது. மனைவி எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அவரைப் பாருங்க" என்கிறார். இதை எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். யாரோ சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவலி என்பார், வாந்தி எடுப்பார். அசதி என்று நினைத்துப் படுக்க வைப்பார்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து சேர்கிறபோது இப்படி நினைவு தெளிவாக இருக்கும் ஒரு இடைவெளி வருவதுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்துவிடுவார். அந்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்து, கோவைக்கோ சேலத்துக்கோ அனுப்பி ஆபரேஷன் செய்தால் முழுசாகப் பிழைத்து எழுந்து வருகிற வாய்ப்பு நிறைய. வீட்டுக்குப் போய்த் தூங்க விட்டால் காலையில் எழுப்ப முடியாது.

அதனால் விழுந்த இருவரில் யார் அமைதியாக இருக்கிறாரோ அவரை முதலில் பாருங்கள் என்று புதிதாக வரும் பயிற்சிச் செவிலியர்களிடம் சொல்வேன். பெயர் கேளுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள், கண்மணி இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். வாந்தி வந்ததா, எப்படி விழுந்தோம் என்பது நினைவில் இருக்கிறதா? வீட்டுக்காரர்களிடம் சொல்வதும் இதுதான். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்க வேண்டாம், கழுத்தெலும்பு உடைந்திருந்தால் கை கால் விளங்காமல் போய்விடும். பணத்துக்கு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். ரேஷன் கார்டு எந்த ஊர், சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே தைக்க வந்த பிள்ளைகளுக்கும் உண்டு.

குழந்தைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் அதற்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. அந்தப் பட்டையை எங்கள் பக்கம் ஒரு வண்டியில்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டோடு சேர்த்து இதையும் பேசுவேன். இனிமேல் ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், ஒரு கை பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருக்கட்டும் என்பேன். ஒரு மாமியார் கோபமாகவே கேட்டார். "சேலை கட்டிக்கிட்டு எப்படீங்க அப்படி உட்கார்றது? ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க?" பக்கத்துப் படுக்கையில் காலில் கட்டோடு இருந்த ஒரு அம்மா பதில் சொன்னார். அவருக்கே ஐம்பது தாண்டியிருக்கும். "நான் கம்பெனிக்குச் சுடிதார்லதானுங்க போறேன். மொத ரெண்டு நாளு பேசுனாங்க. அப்பறம் அவங்களும் எடுத்துக்கிட்டாங்க." முகூர்த்தத்துக்கும் அப்படிப் போய் மண்டபத்தில் சேலை மாற்றிக்கொள்ளலாம், பூவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். நான் சொன்னதைவிட அவர் சொன்னது அந்த மாமியாருக்கு ஏறியது.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. புது வண்டி விற்கும்போது ஹெல்மெட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதி ஏற்கனவே இருக்கிறது. அதை இரண்டாக ஆக்கலாம் என்று 2025 ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. ஷோரூம்காரர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சாவி வாங்கக் குடும்பமே வருகிறது, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எடுக்கிறார்கள். பின்னால் உட்காரப் போகிறவரும் அங்கேயேதான் நிற்கிறார். அவர் தலைக்கு எந்த அளவு என்று அப்போதே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். கொண்டையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கிப் போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காரும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே வாரை மாட்டி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் ஒரு அளவு சின்னதாக எடுத்துக் கொடுங்கள்.