லிப்ரே ஆபிஸுக்கு முதல் பேட்ச்: பாம்பன் பக்கத்து நெட்டையும் கரண்டையும் வைத்துக்கொண்டு

உச்சிப்புளியிலோ தங்கச்சிமடத்திலோ உட்கார்ந்துகொண்டு லிப்ரே ஆபிஸ் போன்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு பேட்ச், அதாவது நாம் செய்த கோட் திருத்தம், அனுப்ப முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆளை விரட்டுவது கோட் இல்லை, அதற்கு முந்தைய செட்டப்தான். நெட் தேவைப்படும் வேலைகளைத் தனியே பிரித்து ஒரே மூச்சில் முடித்துவிட்டால், மிச்சத்தை டவர் இல்லாத நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருள் 2010-ல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்தது. கோடில் பெரும்பகுதி சி++ மொழி. உபுண்டு போட்ட லேப்டாப், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டியில் 50 ஜிபிக்கு மேல் காலியிடம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் ஓடும். அதில் என்ன சிரமம் என்று பிறகு சொல்கிறோம்.

முதல் தலைவலி சோர்ஸை, அதாவது மொத்தக் கோடையும், இறக்குவது. கிட் (கோடின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி) மூலம் முழு நகல் எடுக்கும் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். மொபைல் டேட்டாவில் இதற்கு மல்லுக்கட்டாதீர்கள். ராமநாதபுரம் டவுனிலோ கீழக்கரையிலோ ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் ஒருமுறை முழுசாகக் குளோன் செய்து, ‘கிட் பண்டில் கிரியேட்’ கட்டளையால் மாஸ்டர் கிளையை ஒரே ஃபைலாக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த ஃபைலிலிருந்தே குளோன் செய்து, ‘ரிமோட் செட்-யூஆர்எல்’ மூலம் முகவரியைத் திட்டத்தின் கெரிட் (பேட்ச்களைப் பெற்று ரிவியூ செய்யும்) சர்வருக்குத் திருப்பிவிட்டால், அதற்குப் பின் வந்த மாற்றங்கள் மட்டும்தான் இறங்கும். ‘டெப்த் 1’ போட்டு மேலோட்டமாக இறக்கும் வழியும் உண்டு. ஆனால் அதில் கிட் பிளேம் உதவாது. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார்கள் என்று தெரியாமல் பழைய கோடில் கைவைப்பது வீண் வேலை.

நண்பர் வீட்டிலேயே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். பில்டுக்கு (சோர்ஸிலிருந்து ஓடும் மென்பொருளைக் கட்டும் வேலைக்கு) வெளி லைப்ரரிகளின் டார்பால்கள், அதாவது சோர்ஸைச் சுருக்கிக் கட்டிய ஃபைல்கள், நிறைய வேண்டும். ‘மேக் ஃபெட்ச்’ கொடுத்தால் அவை மட்டும் இறங்கும். பில்டை அமைத்துத் தரும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டுக்கு ‘வித்-எக்ஸ்டர்னல்-டார்’ என்று சோர்ஸுக்கு வெளியே ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், நாளைக்கு மொத்த சோர்ஸையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாலும் டார்பால்கள் பத்திரமாக இருக்கும். ‘வித்-லேங்’கில் தமிழைச் சேர்த்தால் மொழிபெயர்ப்பு ரெப்போவும் கூடவே வரும், டேட்டா குறைவென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் லேப்டாப்பில் பில்டுக்குத் தேவையான சார்புப் பொதிகளை (மற்ற மென்பொருள்களை) நிறுவ ‘ஆப்ட் பில்ட்-டெப் லிப்ரே ஆபிஸ்’ போதும். ‘டெப்-எஸ்ஆர்சி இல்லை’ என்று எரர் வந்தால் பதற வேண்டாம். உபுண்டு 24.04-ல் உபுண்டு.சோர்சஸ் ஃபைலில் டைப்ஸ் வரியில் ‘டெப்’ என்பதோடு ‘டெப்-எஸ்ஆர்சி’யும் சேர்த்து அப்டேட் கொடுங்கள். பழைய உபுண்டுவில் ஜிசிசி கம்பைலரும் பழசாக இருக்கும், ஆட்டோஜென் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆப்ஷன்களை ஒவ்வொரு முறையும் டைப் செய்யாமல் ஆட்டோஜென்.இன்புட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதிவையுங்கள். எனேபிள்-டிபிஜியூடில் அவசியம், சோதனைக்கான அசெர்ட்டுகள் அதில் வேலை செய்யும். ஜாவா தேவைப்படாத பக் என்றால் வித்தவுட்-ஜாவா. ஒருமுறை கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் சிகேஷையும் நிறுவி அதன் அளவை 20 ஜிபிக்கு உயர்த்துங்கள். முதல் பில்ட் சாதாரண லேப்டாப்பில் பல மணிநேரம் பிடிக்கும். இரண்டாவது முறை சிகேஷின் அருமை தெரியும்.

8 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கான சிரமம் இங்கேதான். நான்கு கோரும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் ரேம் தீர்ந்து, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கம்பைலரின் சிசி1பிளஸ் ப்ராசஸைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்று மட்டும் நிற்கும். பார்ப்பவர்கள் கோடில் பிழை என்று தேடுவார்கள். டிமெசேஜ் (dmesg) கட்டளையில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றிருந்தால் வித்-பேரலலிசத்தை (ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல்களின் எண்ணிக்கையை) 2 ஆக்கி, ஸ்வாப்பை (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடத்தை) கூட்டி, மறுபடி ‘மேக்’ கொடுங்கள். விட்ட இடத்திலிருந்தே போகும்.

கரண்ட் போனால்? வாடைக்காலத்தில் மழையும் காற்றுமாக எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப்பில் பிரச்சினை இல்லை, கன்ட்ரோல்-சி அடித்துவிட்டு அப்புறம் தொடரலாம். பேட்டரி செத்த மெஷின் சட்டென்று அணைந்தால், அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஃபைல்கள் பூஜ்ய பைட்டாகவோ அரைகுறையாகவோ நின்றுவிடும். மேக் அவற்றின் தேதியை மட்டும் பார்த்து ‘முடிந்தது’ என்று தாண்டிப்போகும். கடைசியில் லிங்க் செய்யும்போது ‘ஃபைல் ட்ரன்கேட்டட்’ என்று வெடிக்கும். அந்த எரரில் பெயர் வரும் ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் அழித்துவிட்டு மேக் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் கிளீன் செய்ய வேண்டியதில்லை. கிட்டிலும் இதே கதை நடக்கும்: ‘ஆப்ஜெக்ட் ஃபைல் எம்ப்டி’ என்றால் அந்தக் காலி ஃபைலை நீக்கி, ஃபெட்ச் செய்து, ‘கிட் எஃப்எஸ்சிகே’ ஓட்டிப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் துவாரத்தில் மணலும் உப்பும் சேரும். நீண்ட பில்டுக்கு முன் அதைத் துடைக்காவிட்டால் சூடேறி வேகம் பாதியாகிவிடும்.

பில்ட் முடிந்ததும் திட்டத்தின் பக் பட்டியலான பக்ஜில்லாவில் ‘ஈஸிஹேக்’, ‘டிஃபிகல்ட்டி பிகினர்’ என்ற குறிச்சொற்களில் தேடுங்கள். யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று கமென்ட்டுகளைக் கடைசிவரை படிக்கவும். தமிழ் மெனுச் சொல்லைத் திருத்துவதுதான் ஆசை என்றால் இந்தப் பாடே வேண்டாம், அது வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் பிரவுசரிலேயே முடியும். ரைட்டரின் (ஆவணம் எழுதும் பகுதியின்) கோட் ‘எஸ்டபிள்யூ’ ஃபோல்டரில், கால்க் (விரிதாள்) ‘எஸ்சி’யில். மாற்றிய மாட்யூலை மட்டும் ‘மேக் எஸ்டபிள்யூ.பில்ட்’ என்று கட்டலாம்.

அனுப்ப, கெரிட்டில் அக்கவுன்ட், எஸ்எஸ்ஹெச் சாவி, பிறகு சோர்ஸிலேயே உள்ள ‘லோகெரிட்’ ஸ்கிரிப்டில் ‘லோகெரிட் செட்டப்’. போர்ட் 29418. கல்லூரி வைஃபை பலவும் இதை அடைத்து வைத்திருக்கும். ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ வந்தால் சாவியைக் குடையாமல் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள், பேட்ச் சில கிலோபைட்டுதான். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். எம்பிஎல்வி2 / எல்ஜிபிஎல்வி3+ இரண்டிலும் உங்கள் பங்களிப்பை வெளியிடச் சம்மதம் என்ற லைசென்ஸ் அறிவிப்பை, கமிட்டில் உள்ள அதே மின்னஞ்சலிலிருந்து ஒருமுறை அனுப்ப வேண்டும். இது இல்லாமல் பேட்ச் உள்ளே போகாது.

கமிட்டின் முதல் வரியில் ‘டிடிஎஃப்’, ஹேஷ் குறி, பக் எண், பிறகு ஒரு வரி விளக்கம். ‘லோகெரிட் சப்மிட்’ கொடுத்ததும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சோதனை சர்வர் பல இயங்குதளங்களில் கட்டிப் பார்க்கும். உங்களிடம் ஜிசிசியில் சுத்தமாக ஓடிய கோட், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் ப்ளகின்களிடம் மாட்டிக்கொள்வது சகஜம். லாகில் ‘லோப்ளகின்’ என்று தேடினால் வரி எண்ணோடு கிடைக்கும். ரிவியூவில் மாற்றச் சொன்னால் புதிய கமிட் போடாதீர்கள். ‘கமிட் அமெண்ட்’ செய்து, அடியில் இருக்கும் சேஞ்ச்-ஐடி வரியைத் தொடாமல் விட்டு, மறுபடி சப்மிட் கொடுங்கள். அந்த வரி மாறினால் கெரிட் அதைப் புது விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளும், பழைய கமென்ட்டுகள் வேறு பக்கத்தில் அநாதையாகக் கிடக்கும்.