காசு கொடுத்துத் துப்புவது

ஷீரடி போய்விட்டு வந்து இரண்டு நாளாகிறது. தரிசனம் எப்படி என்று ஒரு ஆள் கேட்கவில்லை. எங்கள் வடசென்னைக் காசிமேடு முழுக்க 'அம்மா ஒயின் கம்பெனிக்குப் போயிருந்தாங்களாமே' என்பதுதான் பேச்சு.

எல்லாம் மச்சான் வேலை. ஷீரடியிலிருந்து நாசிக் சுமார் 90 கிலோமீட்டர்தான், திரியம்பகேஸ்வரரையும் பார்த்துவிடலாம் என்று கார் பேசினான். திரும்பும்போது, "அத்தே, வழியில ஒரு திராட்சைத் தோட்டம். சும்மா பாத்துட்டுப் போயிடலாம்" என்றான். தோட்டம் இருந்தது உண்மைதான். கங்காபூர் அணைத் தண்ணீர், பின்னால் மலை, வரிசை வரிசையாகக் கொடி. அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தாள். "தோல் கெட்டி. நம்ம பன்னீர் திராட்சைகிட்ட வருமா?"

உள்ளே போனால் நீள மேஜை. தலைக்கு ஐந்து கிளாஸ், நடுவில் ஒரு வாளி. வாளி எதற்கு? ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்காம்.

"காசு குடுத்து வாங்கித் துப்புறதா? நம்ம தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மேல எல்லாம் சும்மாவேதானே துப்புறானுங்க."

வாயில் வைக்கமாட்டேன், மோந்து மட்டும் பார்க்கிறேன் என்றாள். கிளாஸைச் சுழற்றி முகரச் சொன்னான் அங்கிருந்த பையன். சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். எனக்குக் காடி வாசனைதான் வந்தது. மச்சான் பொதுவாக "பழ வாசனை" என்று சொல்லிவைத்தான். அம்மா ஒரே இழுப்பு. "குடமிளகா. இப்பதான் அறுத்தது." பையன் முகம் மாறிவிட்டது. அதுதான் சரியான விடையாம். அடுத்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். "மிளகு."

பையனுக்குத்தான் ஆச்சரியம். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்காமலேயே இன்றைக்கு வந்ததா, ஐஸில் கிடந்ததா என்று நாற்பது வருஷமாகச் சொல்லும் மூக்கு அது. மாடியில் துணி காயப்போடும்போதே இது மணலி ரீஃபைனரிக் காற்று, இது எண்ணூர் ஆலைக் காற்று என்று பிரித்துவிடும். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு மூக்கு வேலை செய்வதே பெரிய விஷயம்.

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். மாஜி எங்கே படித்தார்கள் என்று பையன் இந்தியில் கேட்டான். "மச்லி மார்க்கெட்" என்றான் மச்சான், மீன் மார்க்கெட்டைத்தான். பையன் அதை ஏதோ காலேஜ் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு தலையாட்டினான்.

கடைசி கிளாஸ், மரப் பீப்பாயில் ஊறிய சிவப்பு. அதை மட்டும் அம்மா நெடுநேரம் மூக்கிலேயே வைத்திருந்தாள்.

"என்னம்மா, என்ன வாசனை?"

"உங்கப்பா வாசப்படி ஏறும்போதே எந்தக் கடைச் சரக்கு, எத்தனை ரவுண்டுன்னு சொல்லிடுவேன். அதுக்கே ஒரு சண்டை." இன்னொரு தடவை முகர்ந்தாள். "இதுல அந்த வாசனை இல்லடா."

ஒயினை வாளியில் ஊற்றிவிட்டு, காலி கிளாஸையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள்.