முதல் ஐந்து பேர்

என் முதல் துப்பறியும் நாவலை அமேசானின் கிண்டில் தளத்தில் மின்னூலாக நானே வெளியிட்டேன். முதல் மூன்று மாதங்களில் 43 பிரதிகள் விற்றன. அதில் 38 பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். உறவுகள், கூடப் படித்தவர்கள், பழைய அலுவலக நண்பர்கள். ஒவ்வொருவருக்கும் இணைப்பை அனுப்பி, நாலு நாள் கழித்து "வாங்கிட்டீங்களா?" என்று கேட்டு வாங்க வைத்தவன் நான்தான். அவர்கள் என் மீதுள்ள அன்பால் வாங்கினார்கள். துப்பறியும் கதை படிக்கிற பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை, அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. சிலர் பாசத்தோடு ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதவும் செய்தார்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதக்கூடாது என்று அமேசானில் விதி இருக்கிறது. அதை நான் முன்பே படித்துவிட்டு அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த விமர்சனங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சரி, மீதி ஐந்து பேர் யார்? ரொம்ப நாள் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. 43 என்ற எண்ணை எப்படி 100 ஆக்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் விளம்பரத்துக்குப் பணம் கட்டினேன். சொடுக்கினார்கள், வாங்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

அப்புறம் இலவசம். கிண்டிலில் 'செலக்ட்' என்றொரு ஏற்பாடு உண்டு. மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், அந்த 90 நாட்களுக்குள் ஐந்து நாட்கள் வரை இலவசமாகக் கொடுக்கலாம். இரண்டு நாள் கொடுத்தேன். 612 பேர் எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதத்தில் ஒரே ஒரு விமர்சனம் வந்தது. இலவசமாகக் கிடைப்பதை எடுத்து வைத்துக்கொள்வது வேறு, உட்கார்ந்து படிப்பது வேறு. இதை எனக்குப் புரியவைத்தது இன்னொரு எண்.

அதே ஏற்பாட்டில் சேர்ந்தால் நம் புத்தகம், சந்தா கட்டியவர்கள் தனியாக விலை கொடுக்காமல் புத்தகங்களைப் படிக்கிற 'அன்லிமிடெட்' திட்டத்துக்குள்ளும் போய்விடும். சந்தாதாரர்கள் படிக்கிற பக்கங்களுக்குத்தான் எழுத்தாளருக்குப் பணம். 2015 ஜூலையில் இருந்து அப்படித்தான். எந்த நாளில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று நாம் பார்க்கலாம். யார் என்று தெரியாது, எண் மட்டும் தெரியும். ஒரு நாள் 37 பக்கங்கள் காட்டியது. மறுநாள் பூஜ்யம். அதற்கடுத்த நாளும் பூஜ்யம். பெரிய எழுத்தாளர்களுக்கு இந்த வரைபடம் மலைத்தொடர் மாதிரி இருக்கும், அதில் ஒரு தனி வாசகரைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கோ வாசகர் ஒருவர்தான் என்பதால் அவர் நடந்துவந்த தடம் தெரிந்தது. அந்தப் பக்கக் கணக்கு அமேசானின் அளவுகோலின்படி இருப்பது. என் கோப்பில் அது உத்தேசமாக எந்த இடம் என்று தேடினேன். பிணம் கிடைத்து, ஆய்வாளர் கதவைத் தட்டுகிற நேரத்தில், நான் கதையை நிறுத்திவிட்டு அவருடைய சின்ன வயதைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்த இடம் அது. அந்தப் பதினோரு பக்கங்களை நான் மிகவும் நேசித்தேன். அழகாக வந்திருந்தன என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் வெட்டினேன்.

மின்னூலில் அது முடியும் என்பது பெரிய வரம். திருத்திய கோப்பை மறுபடி ஏற்றினால், அதற்குப் பிறகு வாங்குகிறவர்களுக்குப் புதியது போகும். அதே வாரத்தில் 'மாதிரி' பகுதியையும் ஒரு வாசகராக இறக்கிப் பார்த்தேன். வாங்குவதற்கு முன் புத்தகத்தின் ஆரம்பத்தில் இருந்து சுமார் 10 சதவீதத்தை யாரும் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். என் புத்தகத்தின் அந்த 10 சதவீதத்தில் இருந்தவை: காணிக்கை, இரண்டு அணிந்துரைகள், நீளமான என்னுரை, நன்றிப் பட்டியல். கதை ஒன்றரைப் பக்கம். முன்பின் தெரியாத ஒருவர், கதை பிடிக்குமா என்று பார்க்க வந்தவர், என் நண்பர்களுக்கு நான் சொன்ன நன்றியைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். எல்லாவற்றையும் பின்னால் தள்ளினேன். இப்போது மாதிரி திறந்தால் முதல் வரியே கதைதான். புத்தகம் வெளியிடப் போகிற யாரும் என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இனி அந்த ஐந்து பேரில் ஒருவரைப் பற்றி.

நாலாவது மாதத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற செவிலியர். என் முகவரியைத் தேடிப் பிடிக்கவே அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று என்று எழுதியிருந்தார், ஏனென்றால் நான் அதைப் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை. கடிதத்தில் இரண்டு விஷயங்கள். ஒன்று, என் கதையில் ஒரு நர்ஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் குளோரைடை ஊசியில் ஏற்றி நேராக நரம்பில் போடுகிறார். வழக்கமான சிகிச்சை என்ற நினைப்பில் நான் எழுதிய காட்சி. "சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றுவோம் தம்பி. நீங்கள் எழுதியபடி போட்டால் இதயம் நின்றுவிடும். அந்தப் பெண்தான் கொலைகாரி என்று முடிவு செய்து கடைசிவரை அவளையே கவனித்துக்கொண்டு போனேன். அவள் கதையை விட்டே காணாமல் போய்விட்டாள்!" இரண்டாவது, "ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். அந்தத் தங்கை எங்கே போனாள் என்று சொல்லவில்லையே. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வெறும் வெள்ளை."

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. என்னைத் தெரியாத ஒருவர், என் கதைக்காகத் தூக்கத்தை விட்டிருக்கிறார். 612 பேர் இறக்கிய அன்று இல்லாத நிறைவு அதில் இருந்தது. தங்கையின் கதைதான் இரண்டாவது நாவல், அது பாதி எழுதி என் கணினியில் கிடந்தது. அவருக்கு அது தெரிய வழியே இல்லை. கதையை முடித்த கையோடு, அடுத்து என்ன என்று ஒரு மனிதர் கேட்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதைப் போல ஒரு நிமிடம் நமக்கு வேறு எங்கும் கிடைக்காது. நான் அங்கே வெள்ளைத் தாளை வைத்திருந்தேன்.

அன்றே பதில் எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு, இரண்டாவது நாவல் வெளியாவதற்கு முன் படித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். பிறகு முதல் நாவலின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்ததாக மூன்று வரி சேர்த்தேன்: தங்கையின் கதை அடுத்த நாவலில் வருகிறது, அதன் முதல் அத்தியாயம் இதோ, ஏதாவது சொல்லத் தோன்றினால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், நானே பதில் எழுதுவேன். கடைசி வாக்கியத்தை யோசித்துத்தான் போட்டேன். இன்றுவரை ஒரு கடிதத்தையும் பதில் இல்லாமல் விட்டதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' என்ற அறிவியல் புனைவு நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் முதலில் வெளியிட்டார். படித்தவர்கள் அறிவியல் தவறுகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே போனார். கிண்டிலில் கிடைத்தால் வசதியாக இருக்கும் என்று அந்த வாசகர்கள் கேட்டதால்தான் 2011-இல் அதை மின்னூலாக்கினார். பதிப்பகமும் திரைப்படமும் அதற்குப் பிறகு வந்தவை. அவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்காது, எனக்கும் நடக்க வேண்டியதில்லை. அந்த ஆரம்பம்தான் எனக்கு முக்கியம். பிழை சொல்ல மெனக்கெடுகிறவர் அந்தக் கதை நன்றாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். அவரை எரிச்சலோடு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் முதல் அட்டையில் மழையில் நனைந்த ஒரு ஜன்னல். கவிதைத் தொகுப்பு என்று நினைத்ததாக இரண்டு பேர் எழுதினார்கள். கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும்போது தலைப்பும் படிக்க முடியவில்லை. மாற்றினேன்.

இரண்டாவது நாவல் வெளியான நாளில் தெரிந்தவர்கள் யாருக்கும் இணைப்பு அனுப்பவில்லை. கடிதம் எழுதியிருந்த 26 பேருக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர்கள் எழுதியதை நினைவுபடுத்தி நாலு வரி அனுப்பினேன். அன்று மாலைக்குள் 19 பிரதிகள் விற்றிருந்தன. மூன்றே நாளில் விமர்சனங்கள் வந்தன, அவற்றில் ஒன்று இரண்டு நட்சத்திரம். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று காரணத்தோடு எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி.

இப்போது வெளியாவதற்கு முன் படிக்கிறவர்கள் ஏழு பேர். நாலாவது நாவலின் வரைவு போன வாரம் அவர்களிடம் போயிருக்கிறது. செவிலியர் அம்மாவிடம் இருந்து நேற்று இரவு பதில் வந்தது. மருத்துவமனைக் காட்சிகளில் பிழை இல்லையாம், ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம். காலையில் இருந்து அந்த அத்தியாயத்தைத்தான் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.