பற்றவைக்கும் முன் உள்ளே பாருங்கள்

பாய்லர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் கடைசிவரை போகாது. நெருப்பு வைப்பதற்கு முன்னால், அடுப்புக்குள் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பார்ப்பது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் விறகு பாய்லர் பார்த்த காலத்தில், காலையில் முதல் வேலையே ஃபேனை ஓடவிட்டு உள்ளே தங்கிய புகையை வெளியேற்றுவதுதான். சரியாக எரியாத விறகிலிருந்து கிளம்பும் வாயு உள்ளே தேங்கியிருந்தால், தீ பட்ட நொடியில் குப்பென்று வெடித்துக் கதவைத் தள்ளிவிடும்.

இப்போது சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் என் பொறுப்பில் இருப்பது சின்ன அடுப்புதான். மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு ஏற்றி வந்த, கோழியும் காயும் சுடும் பெல்லட் கிரில். “மாமா, இது எல்லாமே ஆட்டோமேட்டிக், நாம ஒண்ணும் பார்க்க வேணாம்” என்றார். கழற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஹாப்பர் என்ற எரிபொருள் தொட்டி. அதில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட். அடியில் திருகுபோல் சுற்றும் ஆகர், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. கிண்ணத்தில் ஒரு கம்பி சூடேறிப் பற்றவைக்கிறது, ஃபேன் காற்று ஊதுகிறது. அளவு சின்னது, ஆனால் பாய்லரேதான். அதனால் பாய்லருக்கு உள்ள விதி இதற்கும் உண்டு.

அந்தக் கிண்ணம் கைக்குள் அடங்கும். சுற்றிலும் காற்றுத் துளைகள் இருக்கும். சாம்பல் ஏற ஏற முதலில் கீழ்த்துளைகள் அடைபடும், பற்றவைக்கும் கம்பியும் சாம்பலில் புதையும். அப்புறம் தீ மந்தமாகி அணையும். சூடு குறைகிறதே என்று மெஷின் இன்னும் பெல்லட்டைத் தள்ளும். கிண்ணம் வழியக் குவிந்ததை மறுபடி பற்றவைத்தால் முதலில் கெட்டியான மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை வரும். பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் பிடித்து மூடியைத் தூக்கும். பாதியில் அணைந்துபோனால் ஸ்விட்சைத் திரும்பத் தட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், முழுக்க ஆறவிடுங்கள், கிண்ணத்தில் கிடப்பதை அள்ளி எடுங்கள், அதற்குப் பிறகு பற்றவையுங்கள். சாதாரண நாளில் 9 கிலோ மூட்டை ஒன்று தீர்ந்ததும் கிண்ணத்தைச் சுத்தம் செய்தால் போதும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சமைத்திருந்தால் நான் அடுத்த முறைக்கு முன்பே செய்துவிடுவேன்.

நம் ஊரில் கரண்ட் போவதையும் கணக்கில் வைக்க வேண்டும். சமையல் நடுவே கரண்ட் போனால் ஃபேனும் ஆகரும் நிற்கும், தணல் நிற்காது. அது ஆகர் குழாய் வழியே மெதுவாகப் பின்னோக்கி ஹாப்பர் வரை போகக்கூடும். சமையல் முடிந்தவுடன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஷட் டவுன் கொடுத்தால் ஃபேன் இன்னும் சில நிமிடம் ஓடி, கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை எரித்து முடிக்கும். எங்கள் கிரில்லை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட் என்பதால் நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சூடாகும் கம்பி ஆரம்பத்தில் 200, 300 வாட் இழுக்கும். பிறகு மோட்டாரும் ஃபேனும் ஓட 50 வாட் சுற்றித்தான்.

அடுத்த எதிரி கொழுப்பு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் தோல் கருகும்வரை சுட்டு, பிசைந்து கொத்சு வைப்போம்; அவ்வளவு ருசி, ஒரு சொட்டும் ஒழுகாது. தோலோடு கோழித் தொடை போட்டால் கதையே வேறு. உருகும் கொழுப்பு கீழே தட்டில் விழுந்து, சரிவில் ஓடி, வெளியே தொங்கும் வாளிக்குப் போக வேண்டும். அந்த வழியில் பிசுக்கு உறைந்து அடைத்துக்கொண்டால், அடுத்த முறை சூட்டை ஏற்றியதும் தட்டே எரியும். நான் தட்டுக்கு அலுமினியத் தாள் போர்த்தி மாற்றிக்கொண்டே இருப்பேன், ஆனால் ஒழுகும் வாயைத் தாள் மறைக்காமல் பார்த்துக்கொள்வேன். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்; காற்று இல்லாமல் தானே அணையும்.

கம்பி பிரஷ் என் வீட்டில் கிடையாது. உதிர்ந்த ஒரு கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் போய்விடும். மரச் சுரண்டியே போதும். சூட்டை அளக்கும் சென்சாரை மட்டும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். கரி படிந்தால் தப்பாகப் படிக்கும்.

சாம்பல் மேலே வெளுத்து ஆறினதுபோல் தெரியும், உள்ளே தணல் ஒரு நாள்கூட இருக்கும். அதனால் வாக்குவம் கிளீனரை மறுநாள்தான் எடுப்பேன். அள்ளியதை மூடியுள்ள தகர டின்னில் போட்டு, வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பேன். பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பதறும்.

பெல்லட் கிடைக்கவில்லை என்று பாய்லருக்கு விற்கும் உமி பெல்லட்டை வாங்கிப் போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஆரணிப் பக்கம் இத்தனை அரிசி ஆலை இருக்கிறதே என்பது அவர் எண்ணம். வேண்டாம் என்றேன். நல்ல கெட்டி மரப் பெல்லட்டில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் குறைவு. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான்: 10 கிலோ எரித்தால் 2 கிலோ மிஞ்சும். அந்தச் சின்னக் கிண்ணம் தாங்காது. அதோடு, பாய்லருக்கென்று செய்ததில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அந்தப் புகை சாப்பாட்டில் படியக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹாப்பரில் பெல்லட்டை விட்டுவைக்காதீர்கள். ஈரம் குடித்து ஊதி, ஆகருக்குள் சிமென்ட்போல் இறுகிவிடும். காற்றுப் புகாத டிரம்மில் கொட்டி வையுங்கள். எடுக்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று முறிய வேண்டும், பளபளப்பு இருக்க வேண்டும். விரலில் தூளாக நொறுங்கினால் அன்றைக்கு கிரில் வேண்டாம், கோழியைக் குழம்பில் போடுங்கள்.